மூலக்கூறுகளுக்கிடையிலான ஆற்றல் கடத்தலில் சூழல் ஏற்றவிறக்கங்களின் பங்கு: ஒரு கருத்து வரலாறு (1922–2020)

ஆய்வுச்சுருக்கம்

ஒளியைப் பெற்றுக் கிளர்வுற்ற மூலக்கூறு தன் ஆற்றலை அண்டை மூலக்கூறுக்கு வழங்குகையில், அவ்விரண்டையும் சூழ்ந்துள்ள கரைப்பானும் புரதமும் ஓயாது அசைந்துகொண்டிருக்கின்றன. இவ்வசைவு கடத்தலுக்குத் தடையா, துணையா என்னும் வினாவுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் அளிக்கப்பட்ட விடைகளை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. 2007இல் ஒளிச்சேர்க்கைப் புரதமொன்றில் கண்டறியப்பட்ட நீண்ட அலைவுகள், 2008இல் முன்வைக்கப்பட்ட 'சூழல் துணைசெய்யும் கடத்தல்' என்னும் கருத்து, 2020 வரை நிகழ்ந்த மறுப்புகள் ஆகியவை பெரும்பாலும் ஒரே கதையாகக் கூறப்படுகின்றன. இவற்றுள் இரு தனித்தனிக் கூற்றுகள் கலந்துள்ளன என்பதும், அவற்றுள் ஒன்றன் வீழ்ச்சி மற்றதன் வீழ்ச்சியாகாது என்பதும், சூழலின் துணை என்னும் கருத்தின் வேர் 1932–1948 காலத்திய ஆய்வுகளிலேயே உள்ளது என்பதும் இக்கட்டுரையின் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: ஆற்றல் கடத்தல், ஏற்றவிறக்கம், ஓரியல்பு, ஃபோர்ஸ்டர் கொள்கை, ஒளிச்சேர்க்கை, அறிவியல் வரலாறு.

1. முன்னுரை

ஒளிச்சேர்க்கையில் ஒளியைப் பிடிக்கும் நிறமி ஒன்று. அவ்வாற்றலைக் கொண்டு வேதிவினையைத் தொடங்கும் நிறமி வேறொன்று. இவற்றிடையே ஆற்றல் பல மூலக்கூறுகளைத் தாண்டிச் செல்ல வேண்டும். கிளர்வு நிலையின் ஆயுள் ஏறத்தாழ ஒரு நானோநொடி அளவினது. அதற்குள் ஆற்றல் உரிய இடத்தை அடையாவிடில் அது ஒளியாகவோ வெப்பமாகவோ வீணாகும். இப்பயணம் வெற்றிடத்தில் நிகழ்வதன்று. வெப்பத்தால் நடுங்கும் புரதத்தினுள் நிகழ்வது. அந்நடுக்கம் ஒவ்வொரு நிறமியின் ஆற்றல் மட்டத்தையும் நொடிக்குநொடி மேலும் கீழுமாக அசைக்கிறது.

இத்துறையின் அண்மைக்கால வரலாறு பெரும்பாலும் மூன்று காட்சிகளாகச் சொல்லப்படுகிறது. முதற்காட்சியில், ஆற்றல் மூலக்கூறுக்கு மூலக்கூறு தாவிச் செல்கிறது என்னும் பழைய கொள்கை நிலவுகிறது. இரண்டாவதில், 2007இல் குவாண்டம் அலைப்பண்பு கண்டறியப்பட்டு, உயிரினம் சூழலின் இரைச்சலையும் தனக்குத் துணையாக்கிக்கொண்டது என்று அறிவிக்கப்படுகிறது. மூன்றாவதில் அக்கண்டுபிடிப்பு மறுக்கப்பட்டுப் பழைய கொள்கை மீள்கிறது. எழுச்சியும் வீழ்ச்சியுமாக அமைந்த இக்கதை நினைவில் நிறுத்த எளிது. ஆனால் மூல ஆய்வுகளின் வரிசை இதற்கு இடந்தரவில்லை. சூழலின் பங்கு எப்போது அறியப்பட்டது, எப்போது மறைந்தது, எவ்வடிவில் மீண்டது என்பவற்றைக் கால வரிசையில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கலைச்சொற்கள் குறித்து

மூலக்கூறின் ஆற்றல் மட்டம் சூழலின் தாக்கத்தால் ஒழுங்கின்றி மேலும் கீழுமாக அசைவதை இக்கட்டுரை 'ஏற்றவிறக்கம்' எனக் குறிக்கிறது. தகவல் தொடர்பியலிலிருந்து வந்த 'இரைச்சல்' என்னும் சொல்லும் இப்பொருளில் வழங்குகிறது. எனினும் இரைச்சல் என்பது விலக்கப்பட வேண்டியது என்னும் மதிப்பீட்டை அச்சொல் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. ஆராயப்படும் வினாவுக்கு விடையை முன்கூட்டியே தந்துவிடும் சொல்லைத் தவிர்ப்பது நன்று. ஆதலால் பிறர் கருத்தைச் சுட்டும் இடங்களில் மட்டுமே 'இரைச்சல்' இங்கு ஆளப்படுகிறது.

'ஓரியல்பு' என்பது, கிளர்வாற்றல் ஒரே நேரத்தில் பல மூலக்கூறுகளில் பரவியிருந்து, அப்பகுதிகளின் கட்டங்கள் தம்முள் நிலையான தொடர்புடன் இருக்கும் தன்மை. சூழலின் ஏற்றவிறக்கத்தால் அத்தொடர்பு சிதைவது 'கட்டக் குலைவு'. ஒழுங்கான, சீரான முன்பின் இயக்கத்திற்கு 'அலைவு' என்னும் சொல்லும், அணுக்களின் இயக்கத்திற்கு 'அதிர்வு' என்னும் சொல்லும் பயன்படுத்தப்படுகின்றன. ஏற்றவிறக்கம், அலைவு, அதிர்வு ஆகிய மூன்றையும் பிரித்துணர்வது இவ்வரலாற்றின் பிற்பகுதிக்கு இன்றியமையாதது.

3. தொலைவிலிருந்து கடத்தல்: 1922–1932

ஓர் அணு பெற்ற ஒளியாற்றல் வேறோர் அணுவின் ஒளியாக வெளிப்படக்கூடும் என்பதை 1922–23இல் குந்தர் காரியோவும் ஜேம்ஸ் ஃபிராங்கும் ஆய்வில் காட்டினர். பாதரச ஆவியும் தாலிய ஆவியும் கலந்த கலத்தில், பாதரசம் மட்டுமே உட்கவரும் புறஊதாக் கதிரைச் செலுத்தியபோது தாலியத்தின் ஒளி வெளிப்பட்டது. கரைசல்களில் இத்தகைய கடத்தலை விளக்க முயன்றவர் பிரெஞ்சு இயற்பியலறிஞர் ஜான் பெரின். மூலக்கூறுகளை அவர் இருமுனை அலைவிகளாகக் கருதினார். ஒரே கயிற்றில் தொங்கும் சம நீளமுடைய இரண்டு ஊசல்களில் ஒன்றை ஆட்டினால், சற்று நேரத்தில் ஆட்டம் முழுவதும் மற்றதற்குச் செல்லும். பின்னர் முதல் ஊசலுக்கே திரும்பும். மூலக்கூறுகளும் அவ்வாறே மோதாமல் ஆற்றலைப் பரிமாறக்கூடும் என்பது அவர் கருத்து.

கருத்து சரியானதாயினும் கணக்கு பொருந்தவில்லை. பெரினின் கணிப்புப்படி, கடத்தல் நிகழக்கூடிய தொலைவு ஆய்வில் கண்டதைவிடப் பன்மடங்கு மிகுதியாக வந்தது. அவருடைய மகன் ஃபிரான்சிஸ் பெரின் 1932இல் இக்கணக்கைக் குவாண்டம் முறையில் திருத்தினார். கரைப்பான் மூலக்கூறுகளின் மோதலால் ஒவ்வொரு மூலக்கூறின் அதிர்வெண்ணும் நிலையாக இராமல் ஒரு பட்டைக்குள் பரவி நிற்கிறது. இரு மூலக்கூறுகளும் துல்லியமாக ஒத்திருக்கும் நேரம் மிகச் சிறிது. எனவே கடத்தல் மெதுவாகவே நிகழும் என அவர் காட்டினார். கணிக்கப்பட்ட தொலைவு குறைந்தது. ஆயினும் ஆய்வு அளவை எட்டவில்லை.

இவ்வரலாற்றில் சூழலின் ஏற்றவிறக்கம் முதன்முதலாக நுழையும் இடம் இதுவே. இங்கு அது கடத்தலைக் குறைக்கும் காரணியாக நுழைகிறது என்பதும் கருதத்தக்கது.

4. ஒளிச்சேர்க்கையின் வினாவும் ஃபோர்ஸ்டரின் விடையும்

அதே 1932இல், கலிஃபோர்னியாவில் ராபர்ட் எமர்சனும் வில்லியம் ஆர்னால்டும் குளோரெல்லா என்னும் பாசியின் மீது மிகக் குறுகிய ஒளிவீச்சுகளைச் செலுத்தி ஆக்சிஜன் வெளிப்பாட்டை அளந்தனர். ஒளி நிறைவாக இருந்தபோதும், ஒரு வீச்சுக்கு ஏறத்தாழ 2,500 பச்சைய மூலக்கூறுகளுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறே வெளிப்பட்டது. 1936இல் ஹான்ஸ் காஃப்ரோனும் குர்ட் வோலும் இதன் பொருளை விரித்தனர்: நூற்றுக்கணக்கான பச்சைய மூலக்கூறுகள் திரட்டும் ஆற்றல் ஒரே வினையிடத்திற்குச் சென்று சேர்கிறது. எவ்வழியாகச் செல்கிறது என்பது விடையற்ற வினாவாக நின்றது.

இவ்வினாவை எடுத்துக்கொண்டவர் தியோடர் ஃபோர்ஸ்டர் (1910–1974). போருக்குப் பிந்தைய கோட்டிங்கனில் அவர் 1946இலும், விரிவான குவாண்டம் வடிவில் 1948இலும் வெளியிட்ட கட்டுரைகள் இன்றுவரை இத்துறையின் அடித்தளமாக உள்ளன. ஆற்றலை வழங்கும் மூலக்கூறின் உமிழ்வு நிறமாலையும், பெறும் மூலக்கூறின் உட்கவர் நிறமாலையும் எந்த அளவு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவோ அந்த அளவுக்கே கடத்தல் நிகழும் என்று அவர் காட்டினார். கடத்தல் வீதம் தொலைவின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்னும் புகழ்பெற்ற விதியும் அங்கேயே தோன்றியது. ஆய்வில் கண்ட சில நானோமீட்டர் தொலைவுடன் கணக்கு இறுதியில் பொருந்தியது.

அவ்விதியின் ஆறாம் அடுக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஊன்றி நோக்க வேண்டும். இரண்டு இருமுனைகளுக்கிடையேயுள்ள பிணைப்பு வலிமை தொலைவின் மூன்றாம் அடுக்குக்கே எதிர்விகிதத்தில் குறைகிறது. சூழலே இல்லையெனில், ஆற்றல் இரு மூலக்கூறுகளிடையே ஊசல்களின் ஆட்டம்போல் சென்று திரும்பும். அப்பரிமாற்றத்தின் வேகம் பிணைப்பின் முதல் அடுக்கைச் சாரும். தொலைவின் மூன்றாம் அடுக்கே அங்கு வெளிப்படும். பெரின் கொண்ட நிலை இதுவே. ஆனால் சூழலின் ஏற்றவிறக்கம் கட்டத் தொடர்பைக் குலைத்துவிட்டால், கடத்தல் முன்பின் ஊசலாட்டமாக நிகழாது. ஒரு நொடிக்கு இவ்வளவு வாய்ப்பு என்னும் நிகழ்தகவு வீதமாக மாறும். அவ்வீதம் பிணைப்பின் வர்க்கத்தைச் சார்வது. மூன்றாம் அடுக்கின் வர்க்கமே ஆறாம் அடுக்கு. ஃபோர்ஸ்டர் விதியின் ஆறாம் அடுக்கு, சூழல் விட்டுச்சென்ற தடம் எனலாம்.

சூழலுக்கு இக்கொள்கையில் மேலும் இரு பணிகள் உண்டு. முதலாவது, வழங்குவதும் பெறுவதும் வெவ்வேறு ஆற்றல் மட்டங்களைக் கொண்டிருக்கும்போது, நிறமாலைகளை அகலப்படுத்தி அவை ஒன்றன்மேல் ஒன்று படிவதற்கு வழிசெய்வது. இரண்டாவது, கடத்தப்பட்ட ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக விரைந்து ஏற்றுக்கொண்டு, எஞ்சியது வழங்கிய மூலக்கூறுக்கே திரும்பாதவாறு தடுப்பது. பெரினிடத்தில் தடையாக மட்டும் தோன்றிய சூழல், ஃபோர்ஸ்டரிடத்தில் கடத்தலை ஒருவழிப்படுத்தும் நிபந்தனையாகவும் ஆகிவிட்டது.

5. கொள்கைக்குள் மறைந்த சூழல்: 1948–2004

இவ்வளவு தெளிவாக நுழைந்த சூழல் பின்னர் எவ்வாறு கண்ணுக்குப் புலப்படாமற் போனது? அதற்குக் காரணம் ஃபோர்ஸ்டர் விதியின் வெற்றியே என்று இக்கட்டுரை கருதுகிறது. நிறமாலைகளை ஆய்வகத்தில் அளந்து, அவை படியும் அளவைக் கணக்கிட்டால் போதும்; ஏற்றவிறக்கத்தின் இயல்பு குறித்து எதுவும் அறிய வேண்டியதில்லை. அளந்தெடுத்த நிறமாலைக்குள் சூழல் முழுவதும் அடங்கிவிட்டது. 1967இல் லூபர்ட் ஸ்ட்ரையரும் ரிச்சர்ட் ஹாக்லண்டும், நீளம் அறிந்த புரோலின் சங்கிலியின் இரு முனைகளிலும் நிறமிகளைப் பிணைத்து, ஆறாம் அடுக்கு விதியை உறுதிசெய்தனர். அன்றுமுதல் இம்முறை மூலக்கூறுத் தொலைவுகளை அளக்கும் கோலாக உயிரியலில் பரவியது. அளவுகோலாகிவிட்ட கொள்கையின் உள்ளமைப்பைப் பயன்படுத்துவோர் வினவுவதில்லை.

எனினும் சூழலின் விளைவை நேராகக் காட்டிய ஆய்வும் அடுத்தே வந்தது. 1969இல் ஹாக்லண்ட், இகுவாராபிடே, ஸ்ட்ரையர் ஆகியோர் ஒரே மூலக்கூறை வெவ்வேறு கரைப்பான்களில் இட்டு அளந்தனர். வழங்கும் பகுதிக்கும் பெறும் பகுதிக்கும் இடையேயுள்ள தொலைவு மாறவில்லை. கரைப்பான் மட்டுமே மாறியது. நிறமாலைகள் படியும் அளவு ஏறத்தாழ 40 மடங்கு வேறுபட்டது. கடத்தல் வீதமும் அதனுடன் மாறியது.

இதே காலத்தில் திண்மப் பொருளியற்பியலில் வேறொரு மரபு வளர்ந்தது. படிகத்தில் பரவும் கிளர்வை 1931இல் யாக்கோவ் ஃபிரெங்கல் எக்சிட்டானாக உருவகித்தார். 1958இல் ஃபிலிப் ஆண்டர்சன், இடத்துக்கிடம் ஆற்றல் மட்டங்கள் ஒழுங்கின்றி வேறுபட்டு, அவ்வேறுபாடு காலத்தால் மாறாதிருந்தால், அலை ஓரிடத்திலேயே முடங்கக்கூடும் என்று காட்டினார். 1973இல் ஹெர்மன் ஹாக்கனும் கெர்ட் ஸ்ட்ரோபிளும் காலத்தால் மாறும் ஏற்றவிறக்கத்தைச் சேர்த்து, முழுமையாகத் தீர்க்கத்தக்க உருப்படிமம் ஒன்றை வகுத்தனர். ஏற்றவிறக்கம் வலுவற்றிருந்தால் எக்சிட்டான் அலையாகச் செல்லும். வலுத்தால் விரவலாக மாறும். ஹாக்கன் பணியாற்றிய ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்திலேயே ஃபோர்ஸ்டரும் தம் பிற்காலத்தில் பேராசிரியராக இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஹாக்கன்–ஸ்ட்ரோபிள் உருப்படிமத்தில் இரு மூலக்கூறுகளுக்கான கணக்கு ஓர் உண்மையை எளிதில் உணர்த்துகிறது. பிணைப்பு வலுவற்றும், ஆற்றல் மட்டங்கள் வேறுபட்டும் இருக்கையில், ஏற்றவிறக்கம் அறவே இல்லையெனில் கடத்தல் மிகச் சிறிதே நிகழும். ஏற்றவிறக்கம் வளர வளர, இரு மட்டங்களும் அவ்வப்போது சமமாகிக் கடத்தல் வீதம் உயரும். கட்டக் குலைவின் வீதம் ஆற்றல் வேறுபாட்டுக்கு இணையாகும்போது வீதம் உச்சத்தை எட்டும். அதற்கு மேலும் வளர்ந்தால், மட்டங்கள் சமமாகும் நேரம் கடத்தலுக்குப் போதாத அளவு குறுகி, வீதம் மீண்டும் சரியும். தடை, துணை என்னும் இருமையில் ஒன்றைத் தேர்வதற்கு இங்கு இடமில்லை. அளவைப் பொறுத்தே அது தடையாகவோ துணையாகவோ அமைகிறது. ஒளியறுவடை அமைப்புகளுக்கு இவ்வுருப்படிமத்தைப் பொருத்திய காப், பார்டீன் ஆகியோர் 2004இலேயே இடைப்பட்ட அளவு கட்டக் குலைவு ஆற்றல் சேர்க்கைக்கு உகந்தது எனக் கண்டிருந்தனர்.

6. 2007: சூழலிலிருந்து காக்கும் புரதம்

அடுத்த கட்டத்தின் களம் பச்சைக் கந்தகப் பாக்டீரியாவின் ஒரு சிறு புரதம். 1962இல் ஜான் ஓல்சன் கண்டறிந்த அதன் முப்பரிமாண அமைப்பை 1975இல் ரோஜர் ஃபென்னாவும் பிரையன் மேத்யூஸும் எக்ஸ்கதிர் முறையில் வெளியிட்டனர். பச்சையம் தாங்கிய புரதங்களுள் முதன்முதலாக அமைப்பு அறியப்பட்டது இதுவே. மூவர் பெயராலும் ஃபென்னா–மேத்யூஸ்–ஓல்சன் புரதம் என இது வழங்குகிறது. மூன்று ஒத்த அலகுகள் கொண்ட இதன் ஒவ்வோர் அலகிலும் ஏழு பாக்டீரியப் பச்சைய மூலக்கூறுகள் காணப்பட்டன. எட்டாவது பிற்காலத்தில் அறியப்பட்டது. ஒளியைத் திரட்டும் உறுப்புக்கும் வினை மையத்துக்கும் இடையே இது ஆற்றல் செல்லும் பாலமாக உள்ளது.

இப்புரதத்தில் அலைவுகள் தென்படுவதை 1997இலேயே சவிகின், பக், ஸ்ட்ரூவ் ஆகியோர் குறிப்பிட்டிருந்தனர். பின்னர் பெர்க்லியில் கிரகாம் ஃபிளெமிங்கின் குழு இருபரிமாண நிறமாலையியலை இதற்குப் பயன்படுத்தியது. 2007இல் கிரகரி எங்கலும் பிறரும் 77 கெல்வின் வெப்பநிலையில் 660 பெம்டோநொடி வரை நீடித்த அலைவுகளை நேச்சர் இதழில் அறிவித்தனர். இவை எலக்ட்ரான் நிலைகளின் ஓரியல்பைக் காட்டுவன என்றும், ஆற்றல் ஒரே நேரத்தில் பல வழிகளைத் துழாவிச் சிறந்த வழியைத் தேர்வதற்கு இது உதவக்கூடும் என்றும் அவர்கள் கருதினர். குவாண்டம் தேடல் நெறிமுறையுடன் ஒப்பிடும் குறிப்பும் அக்கட்டுரையில் இடம்பெற்றது. 2010இல் எலிசபெட்டா கொல்லினி, கிரகரி ஸ்கோல்ஸ் முதலானோர் கிரிப்டோபைட் பாசியின் புரதத்தில் அறை வெப்பநிலையிலும், எங்கலின் குழு ஃபென்னா–மேத்யூஸ்–ஓல்சன் புரதத்தில் 277 கெல்வினிலும் இத்தகைய அலைவுகளைக் கண்டனர்.

வெப்ப நடுக்கத்தினிடையே ஓரியல்பு இவ்வளவு நீடிப்பது எவ்வாறு என்பதே எழுந்த வினா. 2007இலேயே லீ, செங், ஃபிளெமிங் ஆகியோர் பாக்டீரிய வினை மையத்தை ஆராய்ந்து ஒரு விடை தந்தனர்: புரதம் அண்டை நிறமிகளின் மட்டங்களை ஒன்றாகவே ஏற்றி இறக்குகிறது, ஒன்றாக அசையும்போது அவற்றின் வேறுபாடு மாறாது, வேறுபாடு மாறாவிடில் கட்டம் குலையாது. இவ்விளக்கத்தில் ஏற்றவிறக்கம் எதிரி. புரதம் அவ்வெதிரியிடமிருந்து காக்கும் அரண். ஃபோர்ஸ்டரிடத்தில் கடத்தலின் நிபந்தனையாக நின்ற சூழல், இங்கு மீண்டும் விலக்கப்பட வேண்டிய ஒன்றாயிற்று.

7. 2008: துணையாகும் ஏற்றவிறக்கம்

மறு ஆண்டே இதற்கு நேர்மாறான நோக்கு வெளிப்பட்டது. அமெரிக்காவில் மொசேனி, ரெபென்ட்ரோஸ்ட், லாயிட், அஸ்பூரு-குசிக் ஆகியோரும், பிரிட்டனில் பிளேனியோ, வெல்கா ஆகியோரும் தனித்தனியே ஒரே முடிவை அடைந்தனர். இவர்களுள் பலர் குவாண்டம் தகவலியல் துறையினர். ஏழு நிறமிகளைக் கொண்ட வலையமைப்பில், சூழலற்ற தூய குவாண்டம் இயக்கம் ஆற்றலை வினை மையத்திற்கு நிறைவாகக் கொண்டு சேர்ப்பதில்லை. மட்டங்களின் வேறுபாட்டாலும், அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதாலும் ஆற்றலின் ஒரு பகுதி தேங்கிவிடுகிறது. ஏற்றவிறக்கம் இத்தேக்கத்தை உடைத்துக் கடத்தலை உயர்த்துகிறது. அளவு மிகும்போது குறைக்கிறது. உகந்த அளவு உயிரினம் வாழும் வெப்பநிலைக்கு அருகில் அமைவதாகவும் 2009ஆம் ஆண்டுக் கணக்குகள் காட்டின.

அப்புரதத்திற்குக் கணக்கிடப்பட்ட எண்களும் இதற்குப் பொருந்துவன. அலை எண் அலகில், நிறமிகளுக்கிடையேயான வலுவான பிணைப்பு ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100. ஆற்றல் மட்டங்களின் பரவல் சில நூறு. அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 200. இம்மூன்றும் ஒரே படிநிலையில் உள்ளன. எனவே பிணைப்பு மிகச் சிறிது எனக் கொள்ளும் ஃபோர்ஸ்டர் முறையோ, சூழலின் தாக்கம் மிகச் சிறிது எனக் கொள்ளும் ரெட்ஃபீல்டு முறையோ தனித்து இங்குப் போதா. ரியோகோ குபோவும் யோஷிதகா தனிமுராவும் 1989இல் வகுத்த சமன்பாட்டு முறையைக் கொண்டு இஷிசாகியும் ஃபிளெமிங்கும் 2009இல் இவ்விடைப்பட்ட நிலத்தைக் கணக்கிட்டனர்.

2008ஆம் ஆண்டுக் கட்டுரைகளின் புதுமை எது? ஏற்றவிறக்கத்தின் உகந்த அளவு என்னும் கருத்து ஹாக்கன்–ஸ்ட்ரோபிள் மரபில் முன்னரே இருந்தது. சூழல் இன்றி ஒருவழிக் கடத்தல் இல்லை என்பது ஃபோர்ஸ்டரிடமே இருந்தது. நிறமாலைக்குள் அடங்கிக் கிடந்த சூழலை வெளியே எடுத்து, அதன் அளவைக் கூட்டியும் குறைத்தும் வினவத்தக்க தனிக் காரணியாக நிறுத்தியதும், அதைப் பல மூலக்கூறுகள் கொண்ட உண்மையான உயிரியல் வலையமைப்புக்கு விரித்ததுமே அவர்கள் ஆற்றிய பணி. இது சிறிய பணியன்று. ஆனால் முற்றிலும் புதிய தொடக்கமும் அன்று.

8. திருத்தத்தின் பத்தாண்டு: 2011–2020

புரதம் மட்டங்களை ஒன்றாக அசைக்கிறது என்னும் கருதுகோளை 2011இல் கிளைனெகாத்தோஃபர், ஷுல்டன் உள்ளிட்ட குழுவினர் கணினி உருவகத்தால் சோதித்தனர். ஃபென்னா–மேத்யூஸ்–ஓல்சன் புரதத்தில் அண்டை நிறமிகளின் ஏற்றவிறக்கங்களிடையே குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை. அரண் என்னும் விளக்கம் அடிப்படை இழந்தது.

அப்படியாயின் நீண்ட அலைவுகள் எங்கிருந்து வந்தன? 2012இல் கிறிஸ்டென்சன், மான்சல் முதலானோரும், 2013இல் விவேக் திவாரி, பீட்டர்ஸ், டேவிட் ஜோனாஸ் ஆகியோரும், நிறமி மூலக்கூறுகளின் அணு அதிர்வுகள் எலக்ட்ரான் நிலைகளின் ஆற்றல் வேறுபாட்டுடன் ஒத்ததிர்வதால் அவை தோன்றக்கூடும் என்று காட்டினர். அதிர்வுகளின் ஓரியல்பு பிக்கோநொடிக் கணக்கில் நீடிப்பது இயல்பே. 2017இல் ட்வேன் மில்லரின் ஹாம்பர்க் குழு அறை வெப்பநிலையில் இப்புரதத்தை மீண்டும் அளந்து, எலக்ட்ரான் ஓரியல்பு ஏறத்தாழ 60 பெம்டோநொடிகளிலேயே குலைகிறது என அறிவித்தது. 2018இல் ஸ்கோல்ஸின் குழு, மரபணு மாற்றத்தால் எக்சிட்டான் மட்டங்கள் இடம்பெயர்ந்த புரதங்களை ஆராய்ந்தது. மட்டங்கள் மாறியும் அலைவுகள் மாறவில்லை. அலைவுகளின் மூலம் எக்சிட்டான் மட்டங்களின் வேறுபாடு அன்று என்பதற்கு இது வலுவான சான்று.

2020இல் ஜியான்ஷு காவும், 2007ஆம் ஆண்டின் விளக்கத்தை முன்னரே விமர்சித்தோர் சிலர் உள்ளிட்ட பல ஆய்வுக்குழுவினரும் இணைந்து எழுதிய மீளாய்வு, எலக்ட்ரான் ஓரியல்பு ஒளிச்சேர்க்கைக் கடத்தலில் செயற்பங்கு வகிக்க முடியாத அளவு குறுகிய ஆயுளுடையது என்று முடிவு கூறியது. பலரும் மேற்கோளாகக் கொள்வது இப்பகுதியையே. ஆனால் அம்மீளாய்வு அங்கு நிற்கவில்லை. சூழலுக்கு ஆற்றல் சிதறுவதை இயற்கை தவிர்க்க முயலவில்லை. நிறமிகளுக்கும் சூழலுக்கும் உள்ள தொடர்பைத் தக்கவாறு அமைத்து, அச்சிதறலையே ஆற்றல் உரிய திசையில் ஓடுவதற்குப் பயன்படுத்துகிறது என்பதும் அதன் முடிவு.

9. இரு கூற்றுகள்

மேற்கண்ட வரிசையிலிருந்து இரு கூற்றுகளைப் பிரித்தெடுக்கலாம். முதற்கூற்று: ஒளிச்சேர்க்கைப் புரதங்களில் எலக்ட்ரான் ஓரியல்பு நீண்டநேரம் நிலைத்து, ஆற்றல் கடத்தலுக்கு உதவுகிறது. இரண்டாம் கூற்று: சூழலின் ஏற்றவிறக்கம் தக்க அளவில் அமையும்போது ஆற்றல் கடத்தலுக்கு உதவுகிறது. 2007ஐ ஒட்டிய ஆர்வத்தில் இவை ஒரே செய்தியாகப் பேசப்பட்டன. உண்மையில் இவை ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. ஒருவகையில் எதிர்த்திசையில் நோக்குபவை: முதற்கூற்றுக்குச் சூழல் அமைதியாக இருத்தல் வேண்டும், இரண்டாவதற்குச் சூழல் அசைதல் வேண்டும்.

2013 முதல் 2020 வரையிலான ஆய்வுகள் மறுத்தது முதற்கூற்றை. இரண்டாம் கூற்று அம்மறுப்பால் தளரவில்லை, வலுவே பெற்றது. கட்டுப்படுத்தத்தக்க செயற்கை அமைப்புகளிலும் அது தனியே சோதிக்கப்பட்டுள்ளது. 2019இல் இன்ஸ்புரூக்கில் சிறைப்படுத்தப்பட்ட பத்து அயனிகளின் வரிசையில், மட்டங்களின் நிலையான ஒழுங்கின்மையால் முடங்கிய கிளர்வு, வேண்டுமென்றே சேர்க்கப்பட்ட ஏற்றவிறக்கத்தால் நகர்ந்தது. ஏற்றவிறக்கம் மிகுந்தபோது கடத்தல் மீண்டும் குறைந்தது. ஆண்டர்சன் 1958இல் கூறிய முடக்கமும், ஹாக்கன்–ஸ்ட்ரோபிள் உருப்படிமம் உணர்த்திய உச்சமும் ஒரே கருவியில் காணப்பட்டன.

இங்கு ஓர் எதிர்வாதம் எழலாம். ஃபோர்ஸ்டரிடம் எல்லாம் இருந்தது என்பது பிற்காலத்து அறிவைக் கொண்டு முன்னோரைப் படிப்பதாகாதா? இதில் ஓரளவு உண்மை உண்டு. ஏற்றவிறக்கத்தை மாற்றத்தக்க அளவாக ஃபோர்ஸ்டர் ஆராயவில்லை. உகந்த அளவு என்னும் கருத்தும் அவரிடம் இல்லை. எனினும் கட்டக் குலைவு, நிறமாலை அகலம், ஆற்றல் திரும்பாமை ஆகிய மூன்றும் அவருடைய வருவித்தலில் வெளிப்படையான எடுகோள்களாக நிற்கின்றன. இவை பின்னோக்கிப் படித்துக் கண்டவை அல்ல. அவருடைய விதி செல்லுபடியாவதற்கு அவரே வகுத்த வரம்புகள். விதியைப் பயன்படுத்தியோர் அவ்வரம்புகளை மறந்தனர் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

10. முடிவுரை

மூலக்கூறுகளுக்கிடையிலான ஆற்றல் கடத்தலில் சூழலின் ஏற்றவிறக்கம் 1932இல் தடையாக நுழைந்து, 1946–48இல் நிபந்தனையாகி, பின்னர் அளந்தெடுத்த நிறமாலைக்குள் மறைந்து, 2007இல் எதிரியாகத் திரும்பி, 2008இல் துணையாக அறியப்பட்டது. அளவைப் பொறுத்தே அதன் பங்கு மாறும் என்பது இன்று நிலைபெற்றுள்ள முடிவு. ஒரு கொள்கையின் வெற்றியே அதன் அடிப்படையை மறைக்கக்கூடும் என்பதற்கு ஃபோர்ஸ்டர் விதியின் வரலாறு தக்க சான்று.

அறிவியல் தமிழில் இத்துறையை எழுதுவோருக்கும் கற்பிப்போருக்கும் இதில் நடைமுறைப் பயன் உண்டு. 'தாவரங்கள் குவாண்டம் கணினிபோல் இயங்குகின்றன' என்னும் வாசகம் இருவகையில் பிழையானது: அளக்கப்பட்ட புரதம் பாக்டீரியாவினுடையது, கூறப்பட்ட நீண்ட ஓரியல்பு மறுக்கப்பட்டுவிட்டது. 'குவாண்டம் உயிரியல் பொய்த்துவிட்டது. சூழல் வெறும் இரைச்சல்' என்னும் எதிர் வாசகமும் அதே அளவு பிழையானது. கிளர்வாற்றல் நிறமிகளில் பரவியிருப்பதும், அது இறங்கிச் செல்லும் வழியும் குவாண்டம் விதிகளாலேயே அமைகின்றன. அவ்வழியில் அதை ஒருதிசையில் செலுத்துவது சூழல். இவ்விரண்டையும் சேர்த்தே கூறும் நடையை நம் பாடநூல்களும் கட்டுரைகளும் மேற்கொள்ளுதல் வேண்டும். அதற்கு முதற்படியாக 'இரைச்சல்' என்னும் சொல்லை ஏற்ற இடத்தில் மட்டும் ஆள்வதும், 'ஏற்றவிறக்கம்' போன்ற சார்பற்ற சொல்லைப் பொதுவழக்காக்குவதும் பயன் தரும்.